உயிரணுவின் துப்புரவும் ஏழையின் மருந்தும்

ஆக்கல், காத்தல், அழித்தல் என்னும் மூன்று தொழில்களை இறைவனுக்கு உரியனவாகக் கூறுவது தமிழர் சமய மரபு. இம்மூன்றனுள் ஆக்கலைப் போற்றுவோர் பலர். காத்தலை வேண்டுவோர் அவரினும் பலர். அழித்தல் என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிப்போரே மிகுதி. ஆனால், அழித்தல் முறையாக நடைபெறாவிடில் ஆக்கலும் நிலைக்காது, காத்தலும் கைகூடாது என்னும் உண்மையை மனித உடலின் ஒவ்வோர் உயிரணுவும் நொடிதோறும் மெய்ப்பித்துக்கொண்டிருக்கிறது. அவ்வுண்மையைக் கண்டறிந்த அறிவே இன்று எலும்பு மஜ்ஜையில் தோன்றும் கொடிய புற்றுநோய் ஒன்றுக்கு மருந்தாகியுள்ளது. அம்மருந்து எவ்வாறு பிறந்தது, எந்நோய்களைத் தணிக்க வல்லது, எவர் கைக்கு எட்டுகிறது என்னும் மூன்று வினாக்களும் மருத்துவர்க்கு மட்டுமன்றிப் பொதுமக்களுக்கும் உரியவையாகும்.

பினாங்கின் ஜார்ஜ்டவுன் நகரில் சௌராஸ்தா சந்தையின் காலைப் பொழுதை அறிந்தவர்க்கு முதல் வினாவின் விடை எளிதில் விளங்கும். மீனும் இறைச்சியும் காய்கறியும் குவியும் அச்சந்தையில் விற்பனை எவ்வளவு மிகுதியோ அவ்வளவு கழிவும் மிகுதி. ஒரு நாள் குப்பை அள்ளப்படாவிடில், ஆள் நடமாட்டம் குறைந்த குடியிருப்புத் தெரு அதனைத் தாங்கிக்கொள்ளும். சந்தையோ நண்பகலுக்குள் நாறிவிடும். ஒரு காலத்தில் இந்நகரின் நகராண்மைக் கழகத் துப்புரவுப் பணியில் தமிழர் பலர் உழைத்தனர். ஊர் கண் விழிக்கும் முன்பே தம் வேலையை முடித்துவிட்ட அவர்களை ஊர் கண்டதுமில்லை; கண்டு பாராட்டியதுமில்லை. உயிரணுவின் துப்புரவாளரும் நெடுங்காலம் அவ்வாறே அறிவியலாரின் கண்ணில் படாமல் இருந்தனர்.

உயிரணுவின் வேலைகள் யாவும் புரதங்களால் நடைபெறுகின்றன. அவற்றுள் சில நாள்கணக்கில் வாழ்வன; சில நிமிடக் கணக்கில் மறைவன. வேலை முடிந்த புரதமும், வடிவம் பிழைபட்ட புரதமும் உடனுக்குடன் அகற்றப்பட வேண்டும். உணவு வயிற்றில் செரிப்பதற்கு ஆற்றல் செலவு தேவையில்லை. ஆனால், உயிரணு தன்னுள் உள்ள புரதத்தை உடைப்பதற்கு ஆற்றலைச் செலவிடுவது 1950களிலேயே தெரிந்திருந்தது. இடித்துத் தள்ளுவதற்குப் பொருட்செலவு ஏன் என்பது ஆய்வாளர்க்குப் புதிராகவே நின்றது. 1977ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஆல்பிரட் கோல்டுபர்க், இளம் சிவப்பணுக்களில் நிகழும் இவ்வுடைப்பை ஆய்வுக்குழாயில் செய்து காட்டினார். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் இருந்த அவ்ராம் ஹெர்ஷ்கோ, ஆரோன் சிகனோவர் ஆகிய இருவரும், அமெரிக்காவின் பிலடெல்பியாவில் இருந்த இர்வின் ரோசும் அப்புதிரின் முடிச்சை அவிழ்த்தனர்.

அவர்கள் கண்டது இது: அகற்றப்பட வேண்டிய புரதத்தின்மீது உயிரணு ஓர் அடையாளத்தை ஒட்டுகிறது. யுபிக்குவிட்டின் எனப்படும் அவ்வடையாளம் 76 அமினோ அமிலங்கள் கோத்த சிறு புரதமே. எங்கும் காணப்படுவது என்பது அப்பெயரின் பொருள். அது ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலிபோல் கோக்கப்பட்டதும், அப்புரதத்தின் விதி முடிவாகிவிடுகிறது. ஆற்றல் செலவாவதற்குக் காரணமும் இங்கேதான் இருக்கிறது. கண்மூடித்தனமாக அழிப்பதற்குச் செலவில்லை. இன்னது வேண்டும், இன்னது வேண்டா என்று தேர்ந்து அழிப்பதற்கே செலவு. இக்கண்டுபிடிப்புக்காக மூவரும் 2004ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றனர்.

அடையாளமிட்ட புரதத்தை உடைக்கும் ஆலைக்குப் புரோட்டியாசோம் என்று பெயர். ஏழு உறுப்புகள் கொண்ட வளையங்கள் நான்கினை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் எப்படியோ, அப்படிப்பட்ட உருளை வடிவம் கொண்டது அது. உருளையின் இரு முனைகளிலும் வாயிற்காவலர் போன்ற அமைப்புகள் உள்ளன. அவை அடையாளத்தைச் சரிபார்த்துப் புரதத்தை முடிச்சவிழ்த்து நீட்டி உள்ளே செலுத்துகின்றன. வெட்டும் கத்திகள் உருளையின் உட்புறத்தில் மறைவாக அமைந்திருப்பதால், அடையாளம் இல்லாத நல்ல புரதத்துக்கு அவற்றால் தீங்கில்லை. வெட்டுண்ட துண்டுகள் மேலும் சிதைந்து புதுப்புரதம் கட்டுவதற்குப் பயன்படுகின்றன. ஒட்டிய அடையாளமும் கழற்றப்பட்டு மறுபடி பயனாகிறது. வீண் என்று ஒன்றையும் வீசாத சிக்கனக் குடும்பத்தை இது நினைவூட்டும்.

இவ்வாலையை நிறுத்தினால் என்ன ஆகும்? உயிரணு மடியும் என்பதே பலரும் எதிர்பார்த்த விடை. ஆதலின், இதனை நிறுத்தும் பொருள் நஞ்சாகுமேயன்றி மருந்தாகாது என்று கருதியோர் பலர். கோல்டுபர்க் வேறுவகையாக எண்ணினார். நெடுநாள் நோயுற்றோரின் தசை கரைந்து உடல் உருக்குலைவதற்கு இவ்வாலையின் மிகையான வேலையே காரணமாதலின், அதனைச் சற்று மட்டுப்படுத்தினால் தசை நிலைக்கும் என்பது அவர் நம்பிக்கை. அந்நோக்கத்துடன் 1993இல் ஒரு சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே ஜூலியன் ஆடம்சு என்னும் வேதியியலாரின் குழு, போரான் என்னும் தனிமத்தை உள்ளடக்கிய ஒரு பொருளை உருவாக்கியது. போர்டெசோமிப் என்று பின்னர்ப் பெயர் பெற்ற அப்பொருள், ஆலையின் கத்திகளுள் முதன்மையானதைப் பற்றிக்கொண்டு அதன் வேலையை நிறுத்துகிறது. பிடித்த பிடியைச் சில மணி நேரத்தில் விட்டுவிடுவதால் மற்ற உயிரணுக்கள் மீண்டு எழ இடம் கிடைக்கிறது.

தசையைக் காக்கத் தேடிய பொருள் புற்றுநோயை எதிர்க்கும் பொருளாக வெளிப்பட்டது. நிறுவனம் கைம்மாறியது, பணம் வற்றியது, ஆயினும் ஆய்வு நிற்கவில்லை. முதற்கட்டச் சோதனையில் கலந்துகொண்ட நோயாளிகளுள் மைலோமா என்னும் புற்றுநோய் கண்ட ஒருவரிடம் நோயின் அடையாளமே இல்லாது மறைந்தது. அதன்பின் இரண்டாம் கட்டச் சோதனை நடைபெற்று அதன் முடிவு 2003இல் வெளியாயிற்று. வேறு மருந்துகள் கைவிட்ட 193 நோயாளிகளுள் 35 விழுக்காட்டினர்க்கு இம்மருந்து பலனளித்ததை அது காட்டியது. அதே ஆண்டு மே மாதத்தில் அமெரிக்க அரசு இம்மருந்துக்கு ஒப்புதல் வழங்கியது. 2008இல், புதிதாக நோய் கண்ட 682 பேரிடம் நடந்த சோதனை, பழைய மருந்துகளுடன் இதனைச் சேர்த்தால் நோய் மீண்டும் தலைதூக்கும் காலம் 16.6 மாதத்திலிருந்து 24 மாதமாகத் தள்ளிப்போவதை நிறுவியது.

எல்லா உயிரணுக்களிலும் உள்ள ஆலையை நிறுத்தும் மருந்து, மைலோமா அணுக்களை மட்டும் பெரிதும் மாய்ப்பது எங்ஙனம்? சௌராஸ்தா சந்தையே இதற்கு விடை. எலும்பு மஜ்ஜையில் வாழும் பிளாஸ்மா அணுக்களின் தொழில், நோயை எதிர்க்கும் புரதங்களை ஓயாது செய்து குவிப்பது. அவ்வணு புற்றாக மாறியபின்னும் அத்தொழிலை விடுவதில்லை. பயனற்ற ஒரே வகைப் புரதத்தை அளவின்றிச் செய்கிறது. உற்பத்தி மிகுந்த இடத்தில் கழிவும் மிகுதி. துப்புரவு நின்றதும் முதலில் மூச்சுத் திணறுவது அவ்வணுவே. அதன் பேராசையே அதற்குக் கூற்றமாகிறது.

இந்நோய் வரும் வழி வஞ்சகமானது. இளமையில் துறைமுகத்தில் மூட்டை சுமந்தோ, தோட்டத்தில் பால்மரம் வெட்டியோ குடும்பத்தை ஆளாக்கிய முதியவர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அறுபதைக் கடந்த அவருக்கு முதுகு வலிக்கிறது. உழைத்த உடம்பு வலிக்கத்தானே செய்யும் என்று அவர் தைலம் தடவிக்கொள்கிறார். மகள் ஒத்தடம் கொடுக்கிறாள். உடல் சோர்கிறது, முகம் வெளிறுகிறது, வயதாயிற்று என்கின்றனர் அக்கம்பக்கத்தார். ஒரு நாள் குனிந்து எழும்போது முதுகெலும்பு நொறுங்குகிறது, அல்லது சிறுநீரகம் செயலிழக்கிறது. அதன் பின்னரே குருதிச் சோதனையும் மஜ்ஜைச் சோதனையும் நடக்கின்றன. எலும்பு அரிப்பு, குருதிச் சோகை, சிறுநீரகக் கேடு, குருதியில் சுண்ணாம்புச் சத்து மிகுதல் ஆகிய நான்கும் இந்நோயின் பெருங்குறிகள். முதுமையின் இயல்பு என்று இவற்றை ஒதுக்குவதால் இழக்கப்படும் மாதங்கள் விலைமதிப்பற்றவை.

இங்கே தமிழகத்துக்குப் பெருமை சேர்க்கும் ஒரு செய்தியைக் குறிப்பிடல் தகும். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் பேராசிரியராக விளங்குபவர் எஸ். வின்சென்ட் இராஜ்குமார். இந்நோயை வரையறுக்கும் அனைத்துலக விதிகள் 2014இல் அவர் தலைமையில் திருத்தப்பட்டன. உறுப்புகள் கெட்ட பின்னரே மருத்துவம் தொடங்குவது என்பது பழைய முறை. கெடப்போவது உறுதி என்று சோதனைகள் காட்டும்போதே தொடங்கலாம் என்பது புதிய முறை. முன்கூட்டி அறிந்தால் முதுகெலும்பு நொறுங்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

எனினும், போர்டெசோமிப் நோயை வேரோடு களைந்துவிடும் என்று சொல்வதற்கில்லை. பெரும்பாலோர்க்கு நோய் அடங்கிப் பின் மீண்டும் எழுகிறது. கை கால் மரத்துப்போதலும் எரிச்சலும் இம்மருந்தின் பெருந்தொல்லை. நரம்பில் ஏற்றாமல் தோலுக்கடியில் ஏற்றினால் இத்தொல்லை குறைவதை 2011இல் வெளியான ஆய்வு காட்டியது: நரம்பில் ஏற்றியோருள் 53 விழுக்காட்டினர்க்கு இருந்தது, தோலுக்கடியில் ஏற்றியோருள் 38 விழுக்காட்டினர்க்கே இருந்தது. உடலில் உறங்கிக் கிடக்கும் அக்கி நோய் எழாமலிருக்கவும் மருத்துவர் தனி மருந்து தருவர். இன்னொரு செய்தி வீட்டார் கருத்தில் கொள்ளத்தக்கது. உடலுக்கு நல்லது என்று பலரும் நம்பும் பச்சைத் தேநீரின் சாரம், போர்டெசோமிப்பைப் பிடித்து அதன் வலிமையை முடக்கிவிடுவதை 2009இல் ஆய்வுக்கூடத்திலும் எலிகளிடத்திலும் கண்டனர். ஆதலின், அன்பால் கொடுக்கும் கைம்மருந்தாயினும் மருத்துவரிடம் கேட்டபின் கொடுப்பதே அறிவுடைமை.

இம்மருந்துக் குடும்பத்தில் பிறந்த மற்றொன்றின் கதை இந்தியாவில் தொடங்குகிறது. இந்திய மண்ணில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிரிடமிருந்து ஜப்பானில் பணியாற்றிய ஆய்வாளர் எபாக்சோமைசின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்து 1992இல் அறிவித்தனர். அது புற்றணுக்களை அழித்தது. எவ்வாறு அழித்தது என்பது விளங்கவில்லை. ஏல் பல்கலைக்கழகத்தின் கிரெய்க் குரூசு, அது புரோட்டியாசோமைப் பற்றி நிறுத்துவதை 1999இல் தெளிவாக்கினார். அப்பொருளைச் செப்பனிட்டு உருவானதே கார்ஃபில்சோமிப் என்னும் மருந்து. 2012இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. பற்றினால் விடாத பிடி அதனுடையது. 2015இல் வாய்வழி விழுங்கும் இக்சாசோமிப் வந்தது.

புரோட்டியாசோம் மனிதர்க்கு மட்டும் உரியதன்று. நோய் செய்யும் பல ஒட்டுண்ணிகளுக்கும் உண்டு. மனிதனின் ஆலையைத் தொடாமல் ஒட்டுண்ணியின் ஆலையை மட்டும் நிறுத்த முடியுமாயின், ஏழை நாடுகளின் பழம்பெரும் நோய்கள் பலவற்றுக்குப் புதுமருந்து கிடைக்கும். மண்ணீரலை வீங்கச் செய்து ஆளைக் கொல்லும் காலா அசார் என்னும் கருங்காய்ச்சலின் ஒட்டுண்ணியை, 1903இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் சார்லசு டோனவன் கண்டறிந்தார். அவர் பெயரும், அவரோடு ஒத்த காலத்தில் அதனைக் கண்ட லீஷ்மன் பெயரும் இணைந்தே அவ்வொட்டுண்ணிக்கு வழங்குகின்றன. ஒரு நூற்றாண்டுக்குப் பின், 2016இல், அவ்வினத்து ஒட்டுண்ணிகளின் புரோட்டியாசோமை மட்டும் நிறுத்தும் பொருளை ஆய்வாளர் வெளியிட்டனர். அவ்வழியில் பிறந்த மருந்தொன்று இந்தியாவில் கருங்காய்ச்சல் நோயாளிகளிடம் சோதனைக்கு வந்துள்ளது. அது வெற்றி பெறின், நாள்தோறும் ஊசி போட்டுக்கொள்ளும் துன்பம் நீங்கி, விழுங்கும் மருந்தே போதுமானதாகும்.

மலேரியாவின் ஒட்டுண்ணியும் இவ்வாறே ஆராயப்படுகிறது. மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் காடு திருத்தி மரம் நட்ட தமிழரைக் கூட்டங்கூட்டமாக மாய்த்தது அக்காய்ச்சலே. அதன் புரோட்டியாசோமின் அமைப்பு 2016இல் படம்பிடிக்கப்பட்டது. அதனை நிறுத்தும் பொருளை ஆர்டிமிசினின் வகை மருந்தோடு சேர்த்தால் ஒன்றுக்கொன்று துணையாகி வலிமை மிகுவதை ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன. இவை இன்னும் ஆய்வு நிலையில் இருப்பனவே. நாளையே மருந்துக் கடைக்கு வரும் என்று எவரும் மயங்க வேண்டா.

இனி மூன்றாம் வினா. திருக்குறளில் மருந்து என்றோர் அதிகாரம் உண்டு. நோயுற்றவன், தீர்க்கும் மருத்துவன், மருந்து, உடனிருந்து பார்ப்பவன் என நான்கு கூறுகளாக மருத்துவத்தை வகுக்கிறார் அங்கே வள்ளுவர். இக்காலத்தில் ஐந்தாவதாக ஒன்று சேர்ந்துகொண்டு மற்ற நான்கையும் ஆட்டிவைக்கிறது. அதுதான் விலை. போர்டெசோமிப் வெளிவந்த காலத்தில் அதன் விலை செல்வ நாடுகளையே திகைக்க வைத்தது. பிரிட்டனில் 2007இல் ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது: நான்கு சுற்று மருந்துக்குள் போதிய பலன் கிடைக்காத நோயாளிக்கு ஆன செலவை மருந்து நிறுவனமே ஈடுசெய்ய வேண்டும் என்பது அது. பின்னர் இந்திய நிறுவனங்கள் இம்மருந்தைத் தாமே செய்யத் தொடங்கின. 2022இல் அமெரிக்கச் சந்தையிலும் பொதுப்பெயர் மருந்து நுழைந்தது. 2019இல் உலகச் சுகாதார நிறுவனம் போர்டெசோமிப்பை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. செல்வர்க்குரிய மருந்து என்று எண்ணப்பட்டது, எல்லா நாட்டு மக்களுக்கும் கிடைத்தாக வேண்டிய மருந்து என்னும் தகுதியை இவ்வாறு பெற்றது.

புதியது எனின் சிறந்தது, விலை மிக்கது எனின் வலிமை மிக்கது என்னும் எண்ணம் மக்களிடம் வேரூன்றியுள்ளது. 2020இல் வெளியான பெருஞ்சோதனை ஒன்று இதனை அசைத்தது. புதிதாக நோய் கண்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை இரு கூறாக்கி, ஒரு கூறுக்குப் பழைய போர்டெசோமிப்பையும், மறு கூறுக்குப் புதிய கார்ஃபில்சோமிப்பையும் துணை மருந்துகளோடு கொடுத்தனர். நோய் அடங்கியிருந்த காலம் இரு கூறுக்கும் ஏறத்தாழ 34 மாதமே, வேறுபாடு இல்லை. எல்லா நோயாளிக்கும் இம்முடிவு பொருந்தாது. இடர் மிகுந்த வகை நோயுடையோர் அச்சோதனையில் பெரும்பாலும் சேர்க்கப்படவில்லை. எனினும், விலை குறைந்த மருந்தைப் பெற்ற ஏழை தாழ்ந்த மருத்துவத்தைப் பெற்றான் என்று வருந்த வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

மருந்து யாருக்கு உரியது என்னும் கேள்வியை உரக்கக் கேட்ட ஊர்களுள் பினாங்கும் ஒன்று. தமிழகத்தில் 1926இல் பிறந்து பினாங்கில் வாழ்ந்து 2019இல் மறைந்த எஸ். எம். முகம்மது இத்ரீஸ், பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தின் தலைவராகப் பல்லாண்டுகள் பணியாற்றினார். மீனவரும் தோட்டத் தொழிலாளரும் தயங்காமல் படியேறி முறையிடும் இடமாக அச்சங்கம் விளங்கியது. 1984இல் பினாங்கில் தோன்றிய மூன்றாம் உலக வலையமைப்பு, காப்புரிமையால் மருந்தின் விலை ஏறுவதை உலக அரங்குகளில் எடுத்துரைத்தது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி நோய்க்குரிய சோஃபோஸ்புவிர் மருந்து எட்டாக் கனியாக இருந்தபோது, காப்புரிமையைப் பொதுநலத்துக்காகக் கடந்து பொதுப்பெயர் மருந்தைப் பயன்படுத்த மலேசிய அரசு 2017இல் முடிவு செய்தது. அம்முடிவுக்காக வாதாடிய அமைப்புகளுள் அவ்வலையமைப்பும் ஒன்று. அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளுக்கு அம்மருந்து கிடைக்க அது வழிசெய்தது. நோய் வேறு, மருந்து வேறு ஆயினும் பாடம் ஒன்றே. நாளை கருங்காய்ச்சலுக்கும் மலேரியாவுக்கும் புதுமருந்து வரும்போது, அது முதலில் அடைய வேண்டியவர் கையில் காசில்லாதவரே என்பதை இப்போதே வலியுறுத்தி வைப்பது நன்று.

அறிவியலார் தம் பங்கைச் செய்தனர், செய்கின்றனர். அரசும் பொதுநல அமைப்புகளும் விலையைக் கவனிக்க வேண்டும். குடும்பத்தார்க்கும் ஒரு பங்குண்டு. அதற்குப் பெருஞ்செலவும் இல்லை. வீட்டில் உள்ள முதியவரின் முதுகுவலி வாரக்கணக்கில் நீடித்தால், காரணமின்றிச் சோர்வும் வெளிறலும் கண்டால், தைலத்தோடு நின்றுவிடாமல் அவரை அரசு மருந்தகத்துக்கு அழைத்துச் சென்று குருதிச் சோதனை செய்விக்க வேண்டும். பெரும்பாலும் அது சாதாரண வலியாகவே இருக்கும். மனநிறைவோடு வீடு திரும்பலாம். ஒருகால் மைலோமாவாக இருப்பின், முன்னோர்க்கு இல்லாத மருந்து அவருக்கு இருக்கிறது. உழைத்து உழைத்துத் தேய்ந்த முதுகுக்கு அவர் பிள்ளைகள் செலுத்தக்கூடிய நன்றிக்கடன் அந்த ஒரு நாள் பயணமே.